மானம் போன கிழமை

இருங்கோ பிள்ளை, இருங்கோ. பையை மேல வையாதேங்கோ, இந்த பஸ்காரன் பிறேக் அடிக்கிற அடிக்கு அது எங்கட தலையிலதான் விழும். மடியில வைச்சிருங்கோ. யாழ்ப்பாணம் மட்டும் போறியள்தானே? நானும் அங்கதான். வவுனியாவில எனக்கு இரும்புக்கடை. நாளைக்கு அம்மாவின்ர அந்தியேட்டி, முப்பத்தொராம் நாள் கிரியை, அதுக்குப் போறன். இல்லையில்லை, நீங்கள் முகத்தை அப்பிடி வைக்காதேங்கோ. வயசு போய்ச் செத்தவ. பூட்டப்பிள்ளை வரைக்கும் கண்டிட்டா.

என்ன படிக்கிறியள் எண்டு சொன்னீங்கள்? ஏன் இளம் பிள்ளையள் இயக்கங்களுக்குப் போனவை எண்டா? அதுக்கு வருசக்கணக்காப் படிப்போ? சரி, படியுங்கோ. உங்கட சேர்மார் பயங்கரவாதம் எண்டு எழுதச் சொல்லுவினம். எழுதுங்கோ. எங்கட ஒழுங்கையில அதுக்குப் "பெடியள்" எண்டுதான் பேர். பெடியள் வந்தவங்கள், பெடியள் கேட்டவங்கள், பெடியள் சுட்டுப்போட்டாங்கள். எல்லாத்துக்கும் ஒரே சொல்லுத்தான்.

ஆனால் நீங்கள் சரியான ஆளுக்குப் பக்கத்திலதான் வந்து இருந்திருக்கிறியள். நான் போனனான் பிள்ளை. என்னை இப்ப பாத்தால் தெரியாது, வயிறு வண்டி வைச்சிட்டுது. அப்ப ஈர்க்கில் மாதிரி இருந்தனான். போனனான், ஆனால் திரும்பி வரவேண்டியதாப் போச்சு. ஏன் திரும்பி வந்தனான் எண்டுதான் நீங்கள் எழுத வேணும். அந்த அநியாயத்தை இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் எழுதேல்லை.

எங்கட ஊரில நாங்கள் நாலு பேர் பந்தடிக்கிறனாங்கள். கரப்பந்து, அதுதான் வொலிபோல். பெரிய விளையாட்டுக்கழகம் ஒண்டுமில்லை. கோயில் வெளி வீதியில ரெண்டு பூவரசம் கதியால் நட்டு, வலை கட்டி, பக்கத்துக்கு ரெண்டு பேர். சங்கக்கடை மனேச்சர் கதிரமலையர்தான் பந்து வாங்கித் தந்தவர். "விளையாடுங்கோடா, விளையாடுற பிள்ளை கெட்டுப்போகாது" எண்டு சொல்லித் தந்தவர். கேதாரன், இந்திரஜித், தேவகன், நான். பள்ளிக்கூடம் விட்டு வந்து தேத்தண்ணி குடிச்சோ குடியாமலோ ஓடிப்போவம். பந்து கண்ணுக்குத் தெரியாமல் போற வரைக்கும் அடிப்பம்.

முதல்ல போனவன் கேதாரன். அவனுக்குக் கண்ணாடி. தடிச்ச கண்ணாடி, அதில்லாட்டில் பந்தும் தெரியாது, பனையும் தெரியாது. ஒருநாள் தங்கச்சியைச் சைக்கிளில ஏத்திக்கொண்டு வரேக்குள்ள ஆமிக்காரன் மறிச்சிருக்கிறான். முழங்காலில இருத்தி, கண்ணாடியைக் கழட்டி, சப்பாத்தால மிதிச்சிட்டு, இப்ப போடா எண்டானாம். இவனுக்குப் பாதை தெரியேல்லை. தங்கச்சிதான் சைக்கிளையும் உருட்டி, அவனையும் கையில பிடிச்சுக்கொண்டு வந்தவள். சின்னப்பிள்ளை அவள், பாவாடை சட்டை.  அடுத்த கிழமை கேதாரனைக் காணேல்லை. அதை நான் குறை சொல்ல மாட்டன் பிள்ளை. அது காரணம்தான்.

கேதாரன் போக மூண்டு பேர். பக்கத்துக்கு ஒருத்தன், மற்றவன் அம்பயர். சமாளிச்சம்.

பிறகு இந்திரஜித். எங்களில கெட்டிக்காரன் அவன்தான். அவன் எடுத்த புள்ளிக்கு வேற மாவட்டமெண்டால் இஞ்சினியர். எங்கட மாவட்டத்துக்குக் காணாதெண்டு விட்டாங்கள். எங்க பிறந்தாய் எண்டதுக்குப் புள்ளி வெட்டினால் மனிசன் என்ன செய்யிறது? அவன்ர அப்பா வாத்தியார். மறுமொழி வந்த நாளில இருந்து மகனோடை கதைக்கிறதை விட்டிட்டார். ஏசியிருந்தாலும் பரவாயில்லை, அடிச்சிருந்தாலும் பரவாயில்லை. சோறு போடுவினம், கதை இல்லை. இவன் எங்களிட்டை வந்து, "டேய், வீட்டில நான் கதிரை மாதிரி இருக்கிறன்" எண்டான். கதிரையாவது ஆராவது வந்தால் இருக்கிறதுக்கு உதவும் எண்டு தேவகன் பகிடி விட்டான். நாங்கள் சிரிச்சம். அவனும் சிரிச்சவன். பிறகு அவனும் இயக்கத்துக்குப் போட்டான்.

தேவகனைக் கேளாதேங்கோ. அவன் போனது ஒரு பொம்பிளைப் பிள்ளைக்காக. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போற வழியில இவன் நாள் தவறாமல் சைக்கிளுக்குக் காத்தடிக்கிறவன். காத்துப் போகாத சைக்கிளுக்கு. ஒருநாள் அவள் தன்ர சிநேகிதிக்குச் சொல்லுற மாதிரி, இவனுக்குக் கேக்கிற மாதிரி, "ஊரில உள்ள ஆம்பிளையள் எல்லாம் போட்டினம் போல, மிச்சம் நிக்கிறது பம்முதான்" எண்டிட்டாள். அண்டைக்குப் பின்னேரமே இவன் வெளிக்கிட்டிட்டான். பம்மையும் கொண்டு போனவன் எண்டு சொல்லுறவை, எனக்குத் தெரியாது.

இப்ப ஆர் மிச்சம்? நான். நானும் ஒரு வலையும்.

பிள்ளை, நீங்கள் படிச்சனீங்கள், சொல்லுங்கோ. ஒருத்தன் தனிய வொலிபோல் அடிக்கலாமோ? நான் அடிச்சுப் பாத்தனான். இந்தப் பக்கம் நிண்டு பந்தை உயர அடிச்சுப்போட்டு, வலைக்குக் கீழால ஓடி அந்தப் பக்கம் போய் எடுக்கப் பாத்தன். ஏலாது. கதிரமலையர் கடை வாசலில நிண்டு பாத்துப்போட்டு, "தம்பி, உனக்கு வருத்தம் கிருத்தம் ஒண்டுமில்லையே?" எண்டு கேட்டார். அண்டைக்கு முடிவெடுத்தன். உங்கட புத்தகத்தில இன உணர்வு, வேலையில்லாப் பிரச்சினை, அது இது எண்டெல்லாம் இருக்கும். இருக்கட்டும், பொய்யில்லை. ஆனால் என்ர பேருக்கு நேர, பந்தடிக்க ஆளில்லை எண்டு எழுதுங்கோ. அதுதான் உண்மை.

இயக்கத்தின்ர பேர் வேண்டாம். அப்ப ஒழுங்கைக்கு ஒரு இயக்கம். மூண்டு பேரும் எதுக்குப் போனவங்களோ நானும் அதுக்குப் போனன். ஊருக்கு அங்காலை ஒரு தென்னங்காணி, அதுக்குள்ள ஒரு பழைய வீடு, அதுதான் முகாம். கடும் இரகசியம். எங்களுக்கும் பாண்காரனுக்கும் மீன்காரனுக்கும் கோயில் ஐயருக்கும் ஊரில மற்றச் சனத்துக்கும் தவிர வேற ஒருத்தருக்கும் தெரியாது. அங்க பெடியளைச் சேர்த்து வைச்சு, கடல் அடங்க, வள்ளத்தில ஏத்தி அக்கரைக்குப் பயிற்சிக்கு அனுப்புறது. அப்ப கன நாளாக் கடல் சரியான கொந்தளிப்பு, வள்ளம் ஒண்டும் வெளிக்கிடேல்லை. அதால மூண்டு பேரும் இன்னும் அங்கதான் நிண்டவங்கள். என்னைக் கண்டவுடன தேவகன் கேட்ட முதல் கேள்வி, பந்து கொண்டு வந்தனியோ?

பொறுப்பாளர் பேர் மைக்கல். ஆள் அசல் காரைநகர்ச் சைவம், வெள்ளிக்கிழமையில முட்டையும் தொடாது. ஆனால் பேர் மைக்கல். எல்லாருக்கும் புதுப் பேர். எனக்கு என்ன பேர் வேணுமெண்டு கேட்டார். நான் சீசர் எண்டு சொன்னன். தோழர் சீசர். அந்தப் பேரை மனசுக்குள்ள சொல்லிச் சொல்லி அண்டைக்கு நித்திரை வரேல்லை எனக்கு. என்னை ஒருத்தன் 'தோழர்' எண்டு, 'வாரும், இரும்' எண்டு மரியாதையாக் கூப்பிட்டது வாழ்க்கையில அதுதான் முதல் தரம். வீட்டில நான் கடைக்குட்டி. அக்காமார் கலியாணம் முடிச்சுப் போட்டினம், அப்பா நான் சின்னனாயிருக்கவே செத்துப்போனார். அம்மாவும் நானும்தான்.

அடுத்த நாள் விடிய, படலையடியில சத்தம். காவலுக்கு நிண்ட பெடியன் சொல்லுறான், "அம்மா, இஞ்ச அப்பிடி ஒருத்தரும் இல்லை." அவன்ர குத்தமில்லை. அம்மா கேட்டது என்ன தெரியுமே? "எங்கட பபா இஞ்ச நிக்கிறானோ?"

பபா. அதுதான் வீட்டில என்ர பேர். சீசர் எண்டு பேர் வைச்சு ஒரு நாள் முழுசாப் போகேல்லை. முகாமில இருந்த அவ்வளவு பேரும் என்னைத் திரும்பிப் பாக்கிறாங்கள். கேதாரன் புதுக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டுப் பாக்கிறான், நல்லாத் தெரியட்டும் எண்டு.

மைக்கல் அண்ணை நல்ல பேச்சாளர். படலைக்குப் போய் அம்மாவுக்கு ஒரு பேச்சுப் பேசினார் பாருங்கோ. மண், மானம், வரலாறு, வியட்நாம், எல்லாம் வந்தது. அம்மா குடையை மடக்கி வைச்சுப்போட்டு முழுக்கக் கேட்டா. கடைசியில, "தம்பி, காலமை சாப்பிட்டீங்களே?" எண்டா. அவர் இல்லை எண்டிட்டார். வாய் தவறிச் சொல்லிப்போட்டார். அவ்வளவுதான். இடியப்பமும் சம்பலும் சொதியும் பெட்டிக்குள்ள இருந்து வெளிய வந்திட்டுது. அவர் சாப்பிடேக்குள்ள, "உங்கட அம்மா எந்த ஊர்? நீங்கள் இஞ்ச நிக்கிறது தெரியுமோ அவவுக்கு?" எண்டு கேட்டா. வியட்நாமை விளங்கப்படுத்தின மனிசன் இதுக்கு இன்னும் ரெண்டு இடியப்பம் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அதோட போனாவோ? போகேல்லை. பொழுதுபட வீட்டை போறது, விடிய வாறது. படலைக்கு நேர ஒரு வேப்ப மரம், அதுக்குக் கீழ பாய் விரிச்சு இருக்கிறது. அழுறதில்லை. அழுதிருந்தால் மைக்கல் அண்ணைக்கு அதுக்கு ஒரு பேச்சு இருந்தது. கத்துறதுமில்லை. வெங்காயம் உரிப்பா, கீரை ஆய்வா, வாற போற பெடியளைக் கூப்பிட்டு, "எந்த ஊர் ராசா? வீட்டில எத்தினை பேர்? அம்மாவுக்குச் சொல்லிப்போட்டே வந்தனீ?" எண்டு கேப்பா. புங்குடுதீவுப் பெடியன் ஒருத்தன், அங்க நிண்டவங்களில உயர்ந்தவன், உருண்டு திரண்ட ஆள், இந்தக் கேள்விக்கு விக்கி விக்கி அழத் தொடங்கிட்டான். மைக்கல் அண்ணைக்குத் தலையிடி. ஆமியைச் சமாளிக்கிறதுக்கு அவருக்கு ஆயுதம் இருந்தது. இதுக்கு இல்லை.

எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? யோசியுங்கோ. பெடியள் என்னைக் கண்டால், "பபா, பால் குடிச்சாச்சோ?" மூண்டு பேரையும் பாருங்கோ, இந்திரஜித்தின்ர அம்மா வந்தவவோ? இல்லை. தேவகன்ர அம்மா? இல்லை. கேதாரன்ர தாய் தகப்பன்? இல்லை. அவையெல்லாம் மானமுள்ள சனம். பிள்ளை போட்டான் எண்டால், மனசுக்குள்ள அழுதுகொண்டு வீட்டுக்குள்ள இருந்தவை. ஊர் பாக்கப் பாய் விரிச்சு இருந்தது என்ர அம்மா ஒருத்திதான்.

முறிகண்டி வந்திட்டுது. இறங்குறியளோ? கச்சான் கடலை வாங்குங்கோ, இஞ்சத்தைக் கச்சான் நல்லம். நான் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடிச்சுப்போட்டு வாறன். ஓடிடாதேங்கோ, கதை முடியேல்லை.

எங்க விட்டனான்? ஓம், பேதி. இன்னும் சொல்லேல்லையோ? பிள்ளை, இது கொஞ்சம் வெக்கமான விசயம். நீங்கள் பொம்பிளைப் பிள்ளை, குறை நினையாதேங்கோ. சொல்லாட்டில் கதை இல்லை.

எங்கட பக்கம் பள்ளிக்கூட விடுமுறை வந்தால் பிள்ளையளுக்குப் பேதிக் கசாயம் குடுக்கிறது தெரியும்தானே? உங்கட அம்மம்மாவைக் கேட்டால் சொல்லுவா. ஒரு பேணி குடிச்சால் பின்னேரம் மட்டும் வளவுக்கும் வீட்டுக்கும் ஓட்டம்தான். பிறகு வெறும் சோறும் மிளகுதண்ணியும். வயிறு கழுவின மாதிரி ஆகிடும். இந்த விசயத்தில எங்கட அம்மா ஊருக்குப் பேர்போன ஆள். இன்ன வயசுக்கு இவ்வளவு, மெலிஞ்ச பிள்ளைக்கு இவ்வளவு எண்டு கண்ணாலேயே அளப்பா. எங்கட ஒழுங்கை முழுக்க, ஏன், கதிரமலையரின்ர பேரப்பிள்ளையளுக்கும் அவதான் அளந்து குடுக்கிறவ. ஒருக்காவும் பிசகினதில்லை.

அந்தக் கிழமை முழுக்க அடிச்ச காத்து ஒருநாள் விடிய விழுந்திட்டுது. மீன்காரன் கடல் குளம் மாதிரிக் கிடக்குதெண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனவனாம். எங்களுக்கும் சொல்லிட்டினம், பொழுதுபட ஏத்திப்போக வான் வரும், வெளிக்கிட்டு நில்லுங்கோ எண்டு. எனக்குக் கால் நிலத்தில இல்லை. அண்டைக்கெண்டு பாத்து அம்மா வாறா, கையில மூக்குப்பேணியோட. எத்தினையோ நாள் இருக்க, அண்டைக்கு!

மைக்கல் அண்ணையிட்டை நேர போனா. "தம்பி, நான் இனி மறிக்கேல்லை. பிள்ளை போகட்டும். ஆனால் இந்த விடுமுறைக்கு இவனுக்குப் பேதி குடுக்கேல்லை. கடல் தாண்டிப் போற பிள்ளை, அங்கத்தைத் தண்ணி சாப்பாடு எப்பிடியோ. இதைக் குடிச்சிட்டானெண்டால் நான் வீட்டை போயிடுவன். பிறகு இந்தப் பக்கமே வரமாட்டன்."

மைக்கல் அண்ணையின்ர முகத்தில வந்த வெளிச்சத்தை நீங்கள் பாத்திருக்க வேணும். மனிசனும் பேதி குடிச்சு வளர்ந்த ஆள்தானே, அதில ஒரு பிழையும் தெரியேல்லை. என்னைக் கூப்பிட்டார். நான் மாட்டனெண்டு நிண்டன். அவர் நெஞ்சை நிமித்தி, "தோழர் சீசர், குடியும்" எண்டார்.

என்ர போராட்ட வாழ்க்கையில எனக்குக் கிடைச்ச ஒரே கட்டளை அதுதான் பிள்ளை. நிறைவேத்தினன். ஒரே மூச்சில குடிச்சன்.

சும்மா சொல்லக்கூடாது, அப்பிடியொரு கசப்பை நான் அதுக்கு முதல் குடிச்சதில்லை, இனியும் குடிக்கப்போறதில்லை. வழமையா மத்தியானத்தோட அடங்கும். அடங்கேல்லை. பின்னேரமாச்சு. அடங்கேல்லை. அந்த வளவில பின்னுக்கு ஒரு தென்னோலைக் கிடுகுக் கக்கூசு. நான் அதுக்குள்ள குடியிருந்தன் எண்டுதான் சொல்ல வேணும். மோர் குடிச்சால் நிக்குமெண்டு எல்லாருக்கும் தெரியும். "மோர் தாங்கோ அம்மா" எண்டு உள்ளுக்கிருந்து கத்துறன். அம்மா கக்கூசுக்குப் பக்கத்தில குடையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு, "மோர் கொண்டுவர மறந்துபோச்சு ராசா" எண்டுறா. ஒரு கிழமையா ஊறுகாய், மப்ளர், வேப்பெண்ணெய், விபூதி, எல்லாத்தையும் காவிக்கொண்டு வந்த மனிசிக்கு மோரை மட்டும் மறந்துபோச்சு. என்ர பலன் அப்பிடி.

மம்மல் பொழுதில வான் வந்தது. இஞ்சின் சத்தம் கேக்குது. மைக்கல் அண்ணை கதவடிக்கு வந்து, "தோழர் சீசர், முடியுமா?" எண்டு கேட்டார். "எப்பன் பொறுங்கோ தோழர்" எண்டன். பொறுத்தவர். பிறகும் கேட்டவர். நான் எழும்பப் பாத்தன், கால் மடங்கிப்போச்சு. அவருக்கு விளங்கியிட்டுது. "பரவாயில்லை, அடுத்த தரம் பாப்பம்" எண்டிட்டுப் போட்டார்.

மூண்டு பேரும் வந்தவங்கள் என்னட்டைச் சொல்லிப்போட்டுப் போக. நான் உள்ளுக்கு, அவங்கள் வெளிய. தேவகன் சிரிச்சுச் சிரிச்சு ஏலாமல் நிலத்தில இருந்திட்டான். கேதாரன், "டேய், நாங்கள் போய் மிச்சம் வைக்கிறம், நீ ஆறுதலா வா" எண்டான். இந்திரஜித் மட்டும் பகிடி விடேல்லை. கிடுகுக்குக் கிட்ட வாயை வைச்சு, "வலையைக் கழட்டி வைச்சிட்டியோ? மழை வரப்போகுது, நனைஞ்சால் பழுதாப் போடும்" எண்டான். ஓமெண்டன். கழட்டேல்லை, ஆனால் ஓமெண்டன். கிடுகு நிலத்துக்கு எட்டாதுதானே, கீழால அவங்கட கால்தான் எனக்குத் தெரிஞ்சது. மூண்டு சோடிக் கால். தேவகன் பாட்டாச் செருப்பை மாறிப் போட்டிருந்தான், இடதை வலதில. சொல்லுவமெண்டு வாயெடுக்க வான்காரன் கோன் அடிச்சிட்டான்.

அடுத்த வள்ளத்துக்கு ஏன் போகேல்லையெண்டு கேக்கிறியள், என்ன? எப்பிடிப் பிள்ளை போறது? அம்மா கார் பிடிச்சு, என்னைப் பின் சீற்றில கிடத்தி, சந்தி முழுக்கப் பாக்க, சந்தை முழுக்கப் பாக்க வீட்டை கொண்டு வந்தவ. ஊர் எனக்கு வைச்ச பேர் தெரியுமே? பேதிப் போராளி. அதுக்குப் பிறகு நான் எந்த முகத்தோட முகாமுக்குப் போறது? படலையில நிக்கிற பெடியனே சிரிப்பான். வெக்கம் பிள்ளை. வெக்கத்தில நான் போகேல்லை. கொஞ்ச நாளில அம்மா என்னை வவுனியாவில மாமாவின்ர கடையில கொண்டுபோய் விட்டிட்டா. அப்பிடியே ஆணியும் பூட்டும் வித்து வயசு போச்சு.

கேதாரனை மட்டும் பிறகு ஒருக்காக் கண்டனான், ஊருக்குப் போயிருக்கேக்குள்ள. தோளில துவக்கு. என்னைக் கண்டு சிரிச்சவன், ஆனால் கிட்ட வரேல்லை. அதுக்கு அடுத்த நாள் கதிரமலையரைத் தந்திக் கம்பத்தில கட்டிச் சுட்டவங்கள். ஆமிக்குத் தகவல் குடுத்தவர் எண்டு மட்டையில எழுதித் தொங்கவிட்டிருந்தது. சங்கக்கடைக்குச் சீனி வாங்க வந்த ஆமிக்காரனுக்குச் சீனி நிறுத்துக் குடுத்தவர், நான் அறிஞ்சது அதுதான். கட்டினவங்களில கேதாரனும் நிண்டவன். தடிச்ச கண்ணாடி, ஆரெண்டு தெரியாமல் போகாது. அவருக்கும் தெரிஞ்சிருக்கும். எறும்பு ஏறின பந்தை ஊதிப்போட்டு அடிக்கிறவன் பிள்ளை அவன்.

நானும் போயிருந்தால் அந்தக் கம்பத்தடியில... சரி, அதை விடுங்கோ. அது நீங்கள் கேட்ட கேள்வி இல்லை.

பிறகு கேதாரனை வேற ஒரு இயக்கம் சுட்டது. தேவகன் ஒரு அடிபாட்டில. அந்தப் பொம்பிளைப் பிள்ளை இப்ப டென்மார்க்கில, பேத்தி கண்டிட்டாள். இந்திரஜித்துக்கு என்ன நடந்ததெண்டு இண்டைக்கும் தெரியாது. அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தவன், அதுக்குப் பிறகு ஒரு கதையுமில்லை. இயக்கத்துக்கு உள்ளுக்கை ஏதோ பிரச்சினையெண்டு சொன்னவை. மைக்கல் அண்ணை இப்ப நோர்வேயில. அங்கையும் கூட்டங்களில பேசுறவராம்.

நான் அம்மாவோடை கோவம்தான். கதைக்கிறனான், மகன் செய்ய வேண்டியது எல்லாம் செய்தனான், ஒண்டும் குறை வைக்கேல்லை. ஆனால் முகம் குடுத்துக் கதைச்சதில்லை. எப்பிடிக் கதைக்கிறது? அந்தக் கிழமைக்குப் பிறகு எனக்கு ஊரில மரியாதை இல்லை. பெண் பாக்கப் போன இடத்திலயும் கேட்டுச் சிரிச்சவை. மற்றது, அவவும் சனத்தோட ஒத்துப் போக மாட்டா. ரெண்டு பேர் செத்த செய்தியும் வந்து, இந்திரஜித்தும் இல்லையெண்டு ஆன பிறகு அந்த மூண்டு தாய்மாரும் எங்கட படலைக்குள்ள கால் வைக்கேல்லை. கிணத்தடியில கண்டால் முகத்தைத் திருப்புவினம். இவ என்ன செய்யிறது? ஏன் எண்டு ஒரு சொல்லுக் கேக்க வேண்டாமோ? கேக்க மாட்டா. தலையைக் குனிஞ்சுகொண்டு தண்ணியை அள்ளிக்கொண்டு வந்திடுவா. ஒருநாள் ரெண்டு நாளில்லை, சாகும் மட்டும் அப்பிடித்தான்.

ஒருக்கா நான் கேட்டனான். படுக்கையில விழுந்த பிறகு. "ஏனம்மா அண்டைக்கு அவ்வளவு தந்தனீங்கள்?" எண்டு.  "கை தவறிப்போச்சு ராசா" எண்டா. அவ்வளவுதான். ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் அச்சொட்டா அளந்து குடுத்த கை, சொந்தப் பிள்ளைக்குக் குடுக்கேக்குள்ள தவறிப்போச்சு. தவறினது கூடப் பரவாயில்லை பிள்ளை, ஆருக்கும் தவறும். ஒரு மன்னிப்புக் கேட்டாவோ? கேக்கேல்லை. கன்னத்தைத் தடவிப்போட்டு நித்திரையாப் போட்டா.

ஆனையிறவு வருது. உப்புக் காத்து அடிக்கும், யன்னலை எப்பன் சாத்துங்கோ. ஆ, காணும்.

செத்த வீட்டுக்கு இந்திரஜித்தின்ர அம்மா வந்தவ. நான் எதிர்பாக்கேல்லை. நடக்க ஏலாது, ரெண்டு பேர் பிடிச்சுக்கொண்டு வந்தவை. அவ படலைக்குள்ள கால் வைச்சவுடன சனம் எல்லாம் எழும்பி வழி விட்டுது. அம்மாவின்ர தலைமாட்டில இருந்தா.  அம்மாவின்ர வலக்கையை எடுத்துத் தன்ர மடியில வைச்சு, அதைத் தடவிக்கொண்டே இருந்தா. எடுக்க நேரமாச்சு, கையை விடுங்கோ எண்டு ஐயர் சொல்ல வேண்டி வந்தது.

பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டா. "தம்பி, உன்ர அம்மா பாய் விரிச்சு இருந்த கிழமை நானும் வெளிக்கிட்டனான். புட்டு அவிச்சு, அவனுக்குப் பிடிச்ச கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிக்கொண்டு சந்தி மட்டும் வந்தனான். அங்க சனம் நிண்டு உன்ர அம்மாவைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சுது. எனக்கு வெக்கமாப் போச்சு. சந்தியால திரும்பி வந்திட்டன்" எண்டா. சொல்லிப்போட்டு என்ர முகத்தை, தலையை, தோளை எல்லாம் தடவிப் பாத்தா. கண் தெரியாது போல.

பாத்தியளே பிள்ளை? நான் என்ன சொன்னனான்? வெக்கக்கேடான வேலையெண்டு அவவே வாயால சொல்லிப்போட்டா, அதுவும் பிரேதத்துக்கு முன்னால. அவ நல்ல குடும்பத்துப் பொம்பிளை, மானம் மரியாதை தெரிஞ்சவ. சந்தியோட திரும்பினவ. எனக்கு அப்பிடியொரு தாய் வாய்க்கேல்லை.